பண்டா நெய்ராவுக்கு இரண்டு நாள் போதுமா?

பாலிக்குப் பத்து நாள் போகிறோம், அதில் இரண்டு நாளை ஒதுக்கி பண்டா நெய்ரா என்ற பழைய துறைமுக ஊரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா, எதிரிலேயே எரிமலை இருக்கிறதாமே பயமில்லையா, கோட்டையைத் தவிர அங்கே என்ன இருக்கிறது, அம்மாவும் கூட வருகிறார், அவர் சுத்த சைவம். இதுதான் நீங்கள் கேட்டது. படித்தால் எனக்குப் புரிவது, இவ்வளவு அலைச்சலுக்கு அந்த ஊர் தகுமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி. தகும், சந்தேகமே வேண்டாம். ஆனால் இரண்டு நாளில் முடியாது. பாலிப் பயணத்தோடு ஒட்டுப் போட்டுக்கொள்ளும் இடமும் அது இல்லை. தனியாக ஒரு வாரத்துக்கு மேல் ஒதுக்க முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் இந்த முறை விட்டுவிட்டு அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மசாலாச் சரக்கு வியாபாரத்தில் பல வருடமாக இருக்கிறேன். ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் தரம் பார்த்து வாங்குவதுதான் வேலை, அதனால் பண்டா இருக்கும் இந்தோனேசியாவின் மலுக்கு மாகாணத்துக்கு அடிக்கடி போய் வந்திருக்கிறேன். மரம், காய், சரக்கு, போக்குவரத்து இவை பற்றி அனுபவத்தில் சொல்ல முடியும். வரலாறு, அந்த ஊர் மேல் ஏற்பட்ட பிடிப்பில் தேடித் தேடிப் படித்தது. எரிமலையும் கடலடியும் என் துறை இல்லை, அங்கே யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் போகும் வழி, ஏனென்றால் உங்கள் இரண்டு நாள் கணக்கு உடைவது அங்கேதான். பாலியிலிருந்து மலுக்கின் தலைநகரான அம்போனுக்கு விமானத்தில் போக வேண்டும், பெரும்பாலும் சுலவேசித் தீவின் மகாசர் வழியாக மாறித்தான் போவீர்கள். பாலிக்கும் அம்போனுக்கும் நேரமே ஒரு மணி வித்தியாசம், அவ்வளவு கிழக்கே இருக்கிறது. அம்போனிலிருந்து பண்டா இன்னும் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல், நடுவில் திறந்த கடல். விரைவுப் படகு துலேஹு துறையிலிருந்து கிளம்பினால் ஏறக்குறைய ஆறு மணி நேரம், ஆனால் அது கடல் அடங்கியிருக்கும் மாதங்களில்தான் ஓடும், அப்போதும் தினமும் கிடையாது. அரசுக் கப்பல் நிறுவனமான பெல்னியின் பெரிய கப்பல்கள் இரவோடு இரவாகப் போகும், அவை மாதத்தில் சில நாட்கள்தான் வரும், கால அட்டவணையும் மாறிக்கொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து பேர் உட்காரும் சின்ன விமானமும் உண்டு, மேகம் இறங்கினால் அன்றைக்கு அது கிடையாது. இந்த மூன்றில் எதையும் இன்ன தேதிக்கு நிச்சயம் என்று நம்பி, மறுநாளே ஊர் திரும்பும் விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிடாதீர்கள். படகு வரவில்லை என்று பண்டாவில் நான் மாட்டிக்கொண்டதும் உண்டு, அம்போனில் உட்கார்ந்து காத்திருந்ததும் உண்டு. அங்கே இருப்பவர்கள் யாரும் இதைக் குறையாகவே சொல்ல மாட்டார்கள், கடல் அப்படித்தான் என்பார்கள்.

மாதம் பார்த்துப் போவது முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று அடிக்கும், கடல் கொந்தளிப்பாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரியும் சரியில்லை. மார்ச் கடைசியிலிருந்து மே வரைக்கும், செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் ஆரம்பம் வரைக்கும் நல்ல காலம். என்னைக் கேட்டால் அக்டோபர், நவம்பர்.

சரி, போய் இறங்கியதும் என்ன பார்ப்பீர்கள் என்றால், ஒரு பெரிய பழைய எரிமலையின் உடைந்த வாய்க்குள் நிற்பீர்கள். பண்டா தீவுக்கூட்டம் முழுவதும் சேர்த்துப் பார்த்தாலே சிறியதுதான், ஆனால் நடுவில் இருக்கும் மூன்று தீவுகளின் அமைப்பு ஒன்றோடொன்று சேர்ந்தது. எப்போதோ ஒரு பெரும் எரிமலை வெடித்து உள்வாங்கியபோது அதன் விளிம்பில் மிஞ்சிய பிறை வடிவத் துண்டுதான் லொந்தோர், அதைப் பண்டா பெசார் என்றும் சொல்வார்கள். நெய்ராவும் அப்படி மிஞ்சியதே. இரண்டுக்கும் பக்கத்தில், கடலுக்குள்ளிருந்து பிறகு முளைத்த புதிய கூம்பு குனுங் அப்பி, சுமார் 650 மீட்டர் உயரம். நெய்ரா ஊருக்கும் அந்தக் கூம்புக்கும் நடுவில் குறுகிய நீரிணை, படகில் சில நிமிடத்தில் கடந்துவிடலாம். நாலு பக்கமும் நிலம் சூழ்ந்து, ஆழமாகவும் அலை இல்லாமலும் கிடக்கும் அந்தத் தண்ணீர்தான் நெய்ராவை நூற்றாண்டுகளாகத் துறைமுகமாக வைத்திருந்தது. எரிமலைச் சாம்பல் மண், கடல் ஈரம், மழை இவை எல்லாம் சேர்ந்து விளைந்தது ஜாதிக்காய். பயமுறுத்தும் மலையையும் பிழைப்புத் தந்த மண்ணையும் அங்கே பிரித்துப் பார்க்க முடியாது. இந்தோனேசியாவின் ஆயிரம் ரூப்பியா நோட்டு கையில் வந்தால் திருப்பிப் பாருங்கள், 2016இல் வந்த நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது பண்டா நெய்ராவின் காட்சிதான்.

இப்போது வரலாறு. இது தெரியாமல் போனால் நீங்கள் அழகான கோட்டை, நீலக் கடல், நாலு படம் என்று திரும்பி வந்துவிடுவீர்கள். ஜாதிக்காய் மரம் இயற்கையாக வளர்ந்து வணிகத்துக்குக் காய் கொடுத்த இடம் உலகத்திலேயே இந்தத் தீவுகள்தான், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரைக்கும் ஏறக்குறைய அந்த நிலைதான். பண்டா மக்கள் தாங்களே கடலோடி வணிகம் செய்தவர்கள், அவர்களுக்கு மன்னர் கிடையாது, ஓராங் காயா எனப்படும் பெரிய மனிதர்கள் கூடிப் பேசித்தான் முடிவெடுப்பார்கள். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் மறு வருடமே, 1512இல், பண்டாவுக்கு வந்துவிட்டார்கள், ஆனாலும் அவர்களால் அங்கே நிலையாகக் கால் ஊன்ற முடியவில்லை. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வேறு மாதிரி வந்தது. ஜாதிக்காயைத் தங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள், பண்டாக்காரர்களோ அரிசியும் துணியும் கொண்டுவருகிற யாருக்கும் விற்றுப் பழகியவர்கள். 1609இல் டச்சுத் தளபதி வெர்ஹூவன் நெய்ராவில் கொல்லப்பட்டார், அதே வருடம் நாசாவ் கோட்டை எழுந்தது, 1611இல் மேட்டில் ஐந்து மூலையோடு பெல்ஜிகா கோட்டை.

1621இல் யான் பீட்டர்ஸூன் கூன் என்ற கம்பெனி ஆளுநர் பெரும் படையோடு வந்தார். லொந்தோரைப் பிடித்து, ஊர்களை எரித்து, மக்களைக் கப்பலில் ஏற்றி பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக அனுப்பினார். மலை உச்சிகளுக்கு ஓடியவர்கள் பட்டினியால் செத்தார்கள், சரணடைய மனமில்லாமல் பாறையிலிருந்து குதித்தவர்களும் உண்டு. அந்த வருடம் மே மாதம் நாசாவ் கோட்டையருகே 44 ஓராங் காயாக்களைக் கம்பெனிக்குக் கூலிக்கு வேலை செய்த ஜப்பானிய வீரர்கள் வெட்டிக் கொன்றார்கள். இதில் எது உறுதி, எது கணிப்பு என்று சொல்லிவிடுகிறேன். கொலை நடந்தது உறுதி, அதை நேரில் பார்த்து மனம் பொறுக்காமல் எழுதிவைத்த டச்சுக்காரர் ஒருவரின் குறிப்பே இருக்கிறது. ஊர் காலியானதும் உறுதி. ஆனால் "15,000 பேரில் 1,000 பேர்தான் மிஞ்சினார்கள்" என்று எல்லா இடத்திலும் வரும் எண் ஒரு கணிப்பு, அன்றைக்கு யாரும் குடிக்கணக்கு எடுத்து வைக்கவில்லை. செத்தவர், தப்பி ஓடியவர், நாடு கடத்தப்பட்டவர் மூவரும் அந்தக் கணக்கில் கலந்து கிடக்கிறார்கள். தப்பியவர்களில் ஒரு பகுதியினர் கிழக்கே கேய் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பண்டா மொழியை இன்றைக்கும் பேசுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், பண்டாவில் இல்லை.

அதற்குப் பிறகு கம்பெனி நிலத்தை 68 தோட்டங்களாகப் பிரித்து, ஐரோப்பியர்களுக்குக் கொடுத்து, வேலைக்கு அடிமைகளை வெளியிலிருந்து இறக்கியது. இங்கேதான் நம் கரை வருகிறது. பண்டாவில் காசுக்கு மதிப்புக் குறைவு, ஜாதிக்காய்க்கு மாற்றாக அவர்கள் கேட்டது துணி, அதிலும் சோழமண்டலக் கரைத் துணி. ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற கம்பெனி அதிகாரி 1612இல் சோழமண்டலக் கரையை மலுக்குத் தீவுகளின் இடது கை என்று எழுதினார், அந்தத் துணி இல்லாவிட்டால் மலுக்கில் வியாபாரமே செத்துவிடும் என்பது அவர் கணக்கு. மறு வருடம் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. துணி போன அதே வழியில் மனிதர்களும் போனார்கள். பஞ்சத்திலும் சண்டையிலும் விற்கப்பட்டவர்களைச் சோழமண்டலக் கரையிலிருந்து கம்பெனி கிழக்கே ஏற்றியது, பண்டாத் தோட்டங்களுக்கு வந்த அடிமைகளில் குஜராத்தி, மலபார், ஜாவா, பூத்தோன் தீவு ஆட்களோடு சோழமண்டலத்தவரும் இருந்தார்கள். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைப் பார்க்கப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு, அந்தக் கதையின் மறு முனை பண்டாவில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பத்தான் ஆள் இல்லை. இன்று அங்கே இருக்கும் மக்கள் இப்படிப் பல கரைகளிலிருந்து வந்தவர்களின் வழி வந்தவர்கள், அராபியர், சீனர், பூத்தோன் தீவினர் எல்லாம் கலந்தவர்கள். நாங்கள் பண்டாக்காரர்கள் என்று அவர்கள் சொல்வது முழு உண்மை, நானூறு வருடமாக அந்த மரங்களைக் காப்பாற்றி வைத்திருப்பது அவர்கள்தான்.

இன்னொன்று, பண்டாத் தீவுகளில் ஒன்றான ருன்னைக் கொடுத்து நியூயார்க்கின் மன்ஹாட்டனை மாற்றிக்கொண்டார்கள் என்று படகுக்காரர் முதல் பயணக் கட்டுரை வரை எல்லோரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், முழுக்கச் சரியில்லை. ஆங்கிலேயர் ருன்னில் 1616 முதல் சில வருடம் நாத்தனியேல் கோர்ட்ஹோப் தலைமையில் பிடிவாதமாக நின்றது உண்மை. மன்ஹாட்டனில் இருந்த டச்சுக் குடியேற்றமான நியூ ஆம்ஸ்டர்டாமை 1664இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ருன்னை டச்சுக்காரர் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். 1667இல் பிரேடாவில் போட்ட ஒப்பந்தம் சொன்னது, அவரவர் கையில் இருப்பது அவரவருக்கு என்பதுதான். உட்கார்ந்து பேரம் பேசி மாற்றிக்கொண்ட பண்டமாற்று அல்ல. ஜாதிக்காயில் டச்சுக்காரருக்கு இருந்த தனியுரிமை பிறகு எப்படி உடைந்தது என்றால், நெப்போலியன் காலத்துச் சண்டைகளில் பிரிட்டிஷ்காரர்கள் பண்டாவை இரண்டு முறை பிடித்து வைத்திருந்தபோது கன்றுகளையும் விதைகளையும் பினாங்கு, பெங்கூலன், இலங்கை என்று கொண்டுபோய் நட்டார்கள். குற்றாலத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட வாசனைப் பயிர்த் தோட்டமும் அந்தக் காலத்து வேலைதான். இன்று கேரளத்திலும் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் காய்க்கும் ஜாதிக்காயின் பூர்வீகம் அந்தக் குட்டித் தீவுகள்.

எப்படிப் பார்ப்பது என்றால், எல்லோரும் போகிற வரிசையில் போகாதீர்கள். வந்தவர்கள் எல்லோரும் முதல் நாள் மாலையே பெல்ஜிகா மேல் ஏறி எரிமலையோடு படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் முதலில் படகு பிடித்து எதிர்க்கரை லொந்தோருக்குப் போங்கள், கால் மணி நேரப் பயணம். கரையிலிருந்து நீளமாகப் படிகள் மேலே ஏறும், மேலே ஹாலந்தியா கோட்டையின் இடிபாடு. ஊருக்குள் ஒரு பழைய கிணறு இருக்கிறது, சில வருடங்களுக்கு ஒருமுறை ஊரே கூடி அதை இறைத்துச் சுத்தம் செய்யும் விழா நடத்துவார்கள். அதைத் தாண்டினால் தோப்பு. கெனாரி என்று ஒரு மரம், வேர் பலகை பலகையாக ஆள் உயரத்துக்கு நிற்கும், தலை எங்கோ மேலே, அந்த நிழலில்தான் ஜாதிக்காய் மரங்கள். கடல் காற்றும் நேர் வெயிலும் ஜாதிக்காய்க்கு ஆகாது, அதனால் கெனாரியைக் குடையாக வைத்து வளர்க்கும் முறை அங்கே பல தலைமுறையாக இருக்கிறது. கெனாரிக்குள் பாதாம் மாதிரி ஒரு பருப்பு, அதுவும் வருமானம்.

அந்தத் தோப்பில் அவசரப்படாமல் நில்லுங்கள், யாராவது காய் பறித்துக்கொண்டிருந்தால் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகக் காட்டுவார்கள். நீண்ட மூங்கில் கழியின் நுனியில் சின்னக் கூடையும் கொக்கியும் இருக்கும், காய்-காய் (gai-gai) என்று அவர்கள் அதற்கு வைத்த பெயர். பழம் மஞ்சளாகி, வாய் பிளந்ததும்தான் பறிப்பார்கள். பிளந்த இடத்தில் ரத்தச் சிவப்பில் வலை மாதிரி ஓடுவது ஜாதிபத்திரி, அதை உரித்தால் கருப்பு ஓடு, ஓட்டுக்குள் நாம் உரசிக் குழந்தைக்குக் கொடுக்கும் அந்தக் கொட்டை. நாம் கடையில் பார்க்கிற ஜாதிபத்திரி காய்ந்து ஆரஞ்சு நிறமாகிப்போனது, மரத்தடியில் அதன் உண்மை நிறத்தைப் பார்க்காதவர்களுக்கு அதை விளக்குவது கஷ்டம். மரத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனி. விதை போட்டு வளர்த்தால் காய்க்க ஐந்தாறு வருடத்துக்கு மேல் ஆகும், பூக்கும் வரை அது ஆணா பெண்ணா என்றே தெரியாது, அதனால் ஒரு தோட்டக்காரர் மரத்தை வெட்ட எவ்வளவு யோசிப்பார் என்று நினைத்துப் பாருங்கள். பறித்த கொட்டையை ஓட்டோடு காய வைப்பார்கள், வெயில் போதாத நாளில் கீழே புகை மூட்டி. நன்றாகக் காய்ந்தது என்பதற்கு அடையாளம், குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு கடகடவென்று ஆடும். ஆடாவிட்டால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும், அப்படிப்பட்ட சரக்கை நான் வாங்க மாட்டேன்.

தோப்பைப் பார்த்த பிறகு நெய்ராவுக்குத் திரும்பி நாசாவ் கோட்டைப் பக்கமும், பாரிகி ரன்டே என்ற கிணற்று நினைவிடத்துக்கும் போங்கள், 1621இல் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் அங்கே பொறித்திருக்கிறது. ருமா புடாயா என்ற சின்ன அருங்காட்சியகத்தில் அந்தப் படுகொலையைக் காட்டும் ஓவியம் ஒன்று உண்டு, கூட வரும் பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் யோசித்துக் காட்டுங்கள். இவ்வளவுக்கும் பிறகு பெல்ஜிகா மேல் ஏறுங்கள். அந்தக் கொத்தளத்திலிருந்து துறைமுகம், எதிரே லொந்தோர், நடுவில் கூம்பு எல்லாம் ஒரே பார்வையில் விழும். பீரங்கி எந்தப் பக்கம் பார்த்து நின்றது, யாரைக் காவல் காக்க நின்றது என்பது அப்போது சொல்லாமலே விளங்கும்.

ஊருக்குள் இன்னும் சில இடங்கள். பழைய டச்சுத் தேவாலயத்தில் தரையெல்லாம் பழைய கல்லறைக் கற்கள். தோட்ட முதலாளிகளின் தூண் வைத்த வீடுகள் சில விடுதியாகவும் சில பாழாகவும் இருக்கின்றன. எனக்கு அங்கே மிகவும் பிடித்தது முகமது ஹத்தாவின் வீடு. இந்தோனேசிய விடுதலைப் போராட்டத் தலைவர்களான ஹத்தாவையும் சுத்தன் ஷாரீரையும் டச்சு அரசு 1936இல் இங்கே கொண்டுவந்து விட்டது, 1942 வரை இங்கேதான் இருந்தார்கள். பின்னால் ஒருவர் நாட்டின் முதல் துணைக் குடியரசுத் தலைவர், இன்னொருவர் முதல் பிரதமர். பெட்டி பெட்டியாகப் புத்தகத்தோடு வந்த ஹத்தா ஊர்ப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார், அந்த மேசைகளும் பெஞ்சுகளும் பின்கட்டில் இருக்கின்றன. அப்படி அவர்களிடம் படித்து வளர்ந்த தேஸ் அல்வி என்ற பண்டாக்காரர்தான் பிற்காலத்தில் ஊரின் கட்டடங்களையும் நினைவுகளையும் மீட்டெடுக்கப் பாடுபட்டார், 2010இல் காலமானார். ஊரில் யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்வார்கள்.

எரிமலைக்கு வருவோம். குனுங் அப்பி உயிரோடிருக்கும் எரிமலை, அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. 1586 முதல் அதன் வெடிப்புகளுக்குப் பதிவு இருக்கிறது, கடைசிப் பெரிய வெடிப்பு 1988 மே 9. அன்றைக்கு மலையின் பக்கவாட்டில் பிளந்து தீக்குழம்பு கடல் வரை ஓடியது, சிலர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் படகுகளில் வெளியேறினார்கள். அடுத்தது எப்போது என்று யாராலும் தேதி சொல்ல முடியாது, சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தோனேசிய அரசின் எரிமலைக் கண்காணிப்பு மையம் ஒவ்வொரு எரிமலைக்கும் நார்மல், வஸ்படா, சியாகா, ஆவாஸ் என்று நான்கு நிலைகளில் அறிவிப்பு வைத்திருக்கிறது, மக்மா இந்தோனேசியா என்ற அவர்களுடைய தளத்தில் தினமும் பார்க்கலாம். நார்மல் என்றால் சாதாரணமாகப் போகலாம். இரண்டாவது நிலை என்றால் ஊரில் இருக்கலாம், மலை மேல் ஏறும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மூன்றாவது, நான்காவது என்றால் பயணத்தையே தள்ளி வையுங்கள். விடுதிக்காரர் சொல்வது, படகுக்காரர் சொல்வது எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மலை ஏற வேண்டுமா என்றால், இளவயதும் நல்ல முழங்காலும் இருந்தால் ஏறலாம். விடியும் முன் கிளம்பி இரண்டு மூன்று மணி நேரம் செங்குத்தாக ஏற்றம். மேலே போகப் போகக் கல் நிற்காது, காலடியில் சரிந்துகொண்டே இருக்கும், உச்சியில் தரையே சூடாகவும் கந்தக நெடியோடும் இருக்கும். இறங்குவதுதான் அதிக ஆபத்து. வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது, தண்ணீர் நிறைய வேண்டும், வழுக்காத காலணி கட்டாயம். அம்மாவை நெய்ராவிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நான் எரிமலையை விட அதிகம் கவலைப்படுவது நிலநடுக்கத்தைப் பற்றி. 1629இலும் 1852இலும் பண்டாவை ஆழிப்பேரலை தாக்கியிருக்கிறது, நெய்ரா ஊரோ கடல் மட்டத்தில்தான் இருக்கிறது. நின்றால் தடுமாறும் அளவு, அல்லது நீண்ட நேரம் தரை ஆடினால் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம், மேட்டுப் பக்கம் நடங்கள். தங்கும் இடத்திலிருந்து மேடு எந்தப் பக்கம் என்று முதல் நாளே அம்மாவோடு ஒரு தடவை நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம் கரையும் 2004ஐப் பார்த்ததுதானே, இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

கடலில் இறங்கத் தெரிந்தவர்களுக்கு அந்த 1988 தீக்குழம்பு ஓடி இறங்கிய இடமே பெரிய அதிசயம். வெந்து கருகிய பாறை மேல் பவளம் மறுபடி வளர நெடுங்காலம் ஆகும் என்றுதான் எதிர்பார்ப்பு, ஆனால் ஐந்தே வருடத்தில் 120க்கும் மேற்பட்ட வகைப் பவளங்கள் அங்கே படர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மேசை மாதிரி விரிந்த பவளங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக. மூக்குக் குழாயும் கண்ணாடியும் போட்டு மேலே மிதந்தாலே தெரியும், ஆழத்தில் மூழ்க வேண்டியதில்லை. ஆழ மூழ்குவது பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அதற்குச் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளரைக் கேளுங்கள்.

அம்மாவின் சாப்பாடு சமாளிக்கக் கூடியதுதான், ஆனால் முன்னேற்பாடு வேண்டும். மீன் இல்லாமல் அங்கே சமையல் கிடையாது, ஜாதிக்காய்ப் பழம் போட்ட மீன் குழம்பு ஊரின் பெருமை. சைவத்துக்குக் கத்தரிக்காயைக் கெனாரிப் பருப்பு அரைத்த சாற்றில் போட்டு ஒன்று செய்வார்கள், மிக நன்றாக இருக்கும், அப்புறம் சோறு, கீரை, சோயாவில் செய்த டோஃபு, தெம்பே எல்லாம் கிடைக்கும். கவனிக்க வேண்டியது தெராசி, அதாவது இறால் விழுது, சம்பலில் அது கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். "மீன் வேண்டாம், கறி வேண்டாம், தெராசியும் வேண்டாம்" என்று இந்தோனேசிய மொழியில் எழுதி வைத்துக்கொண்டு சமைக்கிறவரிடமே காட்டுங்கள். சின்ன விடுதிகளில் வீட்டுப் பெண்கள்தான் சமைப்பார்கள், முதல் நாளே சொன்னால் மனதார செய்து தருவார்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப் போங்கள். லொந்தோர்ப் படிகள் அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கலாம், நெய்ரா ஊர் மட்டும் பெரும்பாலும் சமதளம், நடந்தே பார்க்கலாம். ஊர் பெரும்பாலும் முஸ்லிம்கள், கடலில் குளித்த ஈர உடையோடு தெருவில் நடக்காதீர்கள். 1999இல் மலுக்கு முழுவதும் பரவிய மதக் கலவரம் பண்டாவையும் தொட்டது, கிறிஸ்தவர்கள் பெரும்பாலோர் அப்போது வெளியேறினார்கள். அதைப் பற்றி அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகத் தோண்ட வேண்டாம்.

பணம் அம்போனிலேயே ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், தீவில் அட்டையை நம்பிப் போகக் கூடாது. மருத்துவ வசதி மிகக் குறைவு, அம்மாவின் மருந்துகளைப் பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துப் போங்கள், இதயம் அல்லது சிறுநீரகத் தொல்லை இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம், ஏனென்றால் அவசரத்துக்குக் கடல் தாண்டித்தான் ஆக வேண்டும். ஜாதிக்காய் வாங்கினால் ஓட்டோடு இருப்பதை வாங்கிக் குலுக்கிப் பாருங்கள், ஓட்டோடு இருந்தால் வாசனை அதிக நாள் நிற்கும். ஆனால் முளைக்கக்கூடிய பச்சைக் கொட்டை, பழம், கன்று எதையும் இந்தியாவுக்குள் கொண்டுவராதீர்கள், தாவர நோய்த் தடுப்புச் சட்டப்படி தவறு, அது நம் தோட்டங்களுக்கும் நல்லதில்லை. பழத்தின் சதையில் செய்த ஜாமும் சர்க்கரையில் ஊறிய துண்டுகளும் வீட்டுக்கு எடுத்து வர நல்லவை, அந்தப் பெண்களின் கைக்கு நேராகக் காசு போகும். விலை பேரம் பேசலாம், ஆனால் நெருக்க வேண்டாம், அந்தக் காயைப் பறிக்கிறவருக்கு அதில் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். அம்போனில் போகும்போது ஒரு நாள், பண்டாவில் குறைந்தது ஐந்து நாள், திரும்பி அம்போனில் சும்மா இரண்டு நாள், அதற்குப் பிறகுதான் ஊருக்கு விமானம். பண்டாவின் ஐந்து நாளில் இரண்டு நெய்ராவுக்கு, ஒன்று முழுதாக லொந்தோருக்கு, ஒன்று ஆய் தீவுக்கோ ருன்னுக்கோ. ஆய் ஒரு மணி நேரப் படகு, ருன் அதைவிடத் தூரம், அம்மாவோடு என்றால் ஆய் போதும். மிச்சம் ஒரு நாளுக்குத் திட்டமே வேண்டாம், கடல் அதை எடுத்துக்கொள்ளும். எந்த மாதம் போகிறீர்கள், அம்மாவுக்கு வயது என்ன என்று எழுதுங்கள், அந்த மாதத்தில் கப்பல் நல்லதா படகு நல்லதா என்று பார்த்துச் சொல்கிறேன்.